தாய்லாந்தின் மிதக்கும் சந்தைகள்

மிதக்கும் சந்தை என்பது ஆற்றிலோ கால்வாயிலோ படகுகளில் பொருள்களை வைத்து விற்கும் சந்தையாகும். தாய்லாந்தின் நடுப்பகுதியில், குறிப்பாகத் தலைநகர் பாங்காக்கிலும் அதன் தென்மேற்கே உள்ள ராச்சபுரி, சமுத் சோங்கிராம் மாகாணங்களிலும் இத்தகைய சந்தைகள் பல உள்ளன. பழங்கள், காய்கறிகள், சமைத்த உணவு, இனிப்புகள், கைவினைப் பொருள்கள் ஆகியன இவற்றில் விற்கப்படுகின்றன. சாலைகள் இல்லாத காலத்தில் மக்களின் அன்றாடத் தேவைக்காக உருவான இச்சந்தைகள், இன்று பெரும்பாலும் உண்டு மகிழவும் பொழுதைக் கழிக்கவும் மக்கள் செல்லும் இடங்களாக மாறியுள்ளன. வியட்நாமின் மேக்கொங் கழிமுகத்திலும், இந்தோனேசியாவின் பஞ்சார்மாசின் நகர்ப்புறத்திலும், காஷ்மீரின் தால் ஏரியிலும் படகுச் சந்தைகள் உண்டு. எனினும் சுற்றுலாப் பயணிகளிடையே உலக அளவில் அதிகம் பேசப்படுபவை தாய்லாந்தின் சந்தைகளே.

பெயர்

தாய்லாந்து மொழியில் இச்சந்தை ‘தலாத் நாம்’ எனப்படுகிறது. ‘தலாத்’ என்றால் சந்தை. ‘நாம்’ என்றால் நீர். ஆகவே இதன் நேர்ப்பொருள் ‘நீர்ச் சந்தை’ என்பதே. கால்வாயை அம்மொழியில் ‘குலோங்’ என்பர். பல சந்தைகளின் பெயரில் இச்சொல் முன்னால் வருவதைக் காணலாம்.

நீர்வழி வாழ்க்கை

தாய்லாந்தின் நடுச் சமவெளி சாவோ பிரயா, தா சின், மே குலோங் ஆகிய ஆறுகள் கொண்டுவந்த வண்டல் மண்ணால் ஆனது. நிலம் தாழ்வானது, மழைக்காலத்தில் எளிதில் நீர் சூழ்ந்துவிடும். இத்தகைய மண்ணில் சாலை அமைப்பது கடினம், கால்வாய் வெட்டுவது எளிது. எனவே பல நூற்றாண்டுகளாக இப்பகுதி மக்கள் நீர்வழிகளையே தெருக்களாகக் கொண்டு வாழ்ந்தனர். வீடுகள் நீரை நோக்கிக் கட்டப்பட்டன. வாசலில் படித்துறையும் படகும் இருந்தன. சிலர் மூங்கில் தெப்பங்களின் மேல் வீடமைத்து ஆற்றிலேயே குடியிருந்தனர்.

1351 முதல் 1767 வரை தலைநகராக இருந்த அயூத்தியா மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் நீர் சூழ்ந்த நகராக அமைந்தது. பின்னர் தோன்புரியும், 1782இல் பாங்காக்கும் தலைநகரங்களாயின. பாங்காக்கிலும் கால்வாய்கள் பெருகின. நகரின் கிழக்கே செல்லும் சேன் செப் கால்வாய் 1837இல் தொடங்கி 1840இல் வெட்டி முடிக்கப்பட்டது. 1855இல் பிரித்தானியாவுடன் செய்துகொண்ட பௌரிங் உடன்படிக்கைக்குப் பின் அரிசி ஏற்றுமதி வளர்ந்தது. விளைபொருளைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர மேலும் கால்வாய்கள் தேவைப்பட்டன.

இரண்டு கால்வாய்கள் கூடும் இடங்களிலும், புத்த விகாரைகளின் படித்துறைகளிலும் படகுகள் ஒன்றுகூடுவது இயல்பு. அந்த இடங்களே சந்தைகளாயின. விற்பவரும் வாங்குபவரும் படகிலேயே வந்தனர். அரிசி கொண்டுவந்தவர் பழத்தையும், பழம் கொண்டுவந்தவர் மீனையும் பண்டமாற்றாகப் பெற்றுச் சென்றனர்.

தம்னோன் சதுவாக் கால்வாய்

மிதக்கும் சந்தைகளின் வரலாற்றில் மிகவும் பெயர் பெற்ற கால்வாய் ராச்சபுரி மாகாணத்தில் உள்ள தம்னோன் சதுவாக் ஆகும். நான்காம் ராமா எனப்படும் மோங்குட் மன்னரின் ஆணையால் 1866இல் இதன் பணி தொடங்கி, 1868இல் முடிந்தது. மே குலோங் ஆற்றையும் தா சின் ஆற்றையும் இணைக்கும் இதன் நீளம் ஏறத்தாழ 32 கி.மீ. இயந்திரங்கள் இல்லாமல், படைவீரர்களும் மக்களும் மண்வெட்டியால் தோண்டி உருவாக்கிய கால்வாய் இது. ‘தம்னோன் சதுவாக்’ என்றால் ‘வசதியான பயணம்’ என்று பொருள்.

கால்வாயின் கரையில் ஏறத்தாழ 4 கி.மீ.க்கு ஒன்றாக எண்ணிட்ட தூண்கள் நடப்பட்டன. அங்குத் தோன்றிய சில குடியிருப்புகளுக்கு அந்த எண்களே பெயராயின. ‘லாக் ஹா’ என்ற ஊரின் பெயருக்கு ‘ஐந்தாம் தூண்’ என்பதே பொருள். முதன்மைக் கால்வாயிலிருந்து உழவர்கள் தத்தம் நிலங்களுக்குக் கிளைக் கால்வாய்களை வெட்டிக்கொண்டனர். இவற்றின் எண்ணிக்கை 200க்கும் மேல்.

இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பாங்காக்கின் முதல் நவீனச் சாலையான சரோன் குருங் சாலையும் இதே மோங்குட் மன்னரின் ஆணையால்தான் அமைந்தது. அது 1864இல் திறக்கப்பட்டது. கால்வாய் யுகத்தின் பெரும் பணியும், அந்த யுகத்தை முடித்துவைத்த சாலையின் தொடக்கமும் ஒரே ஆட்சியில், சில ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்தன.

தோட்டமும் சந்தையும்

இச்சந்தைகளில் பழங்கள் மிகுதியாக இருப்பதற்கு அப்பகுதியின் வேளாண் முறையே காரணம். தாழ்நிலத்தில் நீண்ட வாய்க்கால்களை இணையாக வெட்டி, அந்த மண்ணை இடையில் கொட்டி உயரமான பாத்திகளை அமைப்பர். பாத்திகளின் மேல் தென்னை, மா, கொய்யா, பம்பளிமாசு, ஜம்பு, லிச்சி முதலியவற்றை வளர்ப்பர். வாய்க்கால் நீர் பாசனத்துக்கும் உதவும். சிறு படகு செல்லும் வழியாகவும் அமையும். பறித்த பழத்தை அங்கேயே படகில் வைத்து, வாய்க்காலிலிருந்து கால்வாய்க்கும் கால்வாயிலிருந்து சந்தைக்கும் தரையில் ஒருமுறைகூட இறக்காமல் கொண்டுசெல்லலாம். தோட்டம், வழி, கடை ஆகிய மூன்றும் ஒரே நீரில் இணைந்திருந்ததே இச்சந்தையின் அடிப்படை.

சமுத் சோங்கிராம் பகுதியில் தென்னஞ்சர்க்கரைத் தொழிலும் உண்டு. தென்னம்பாளையைச் சீவி, வடியும் நீரைக் கலயத்தில் சேகரித்து, பெரிய வாணலியில் காய்ச்சிக் கெட்டியாக்குவர். நம் ஊரில் பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது வழக்கம். அங்கே மரபு முறையில் துவர்ப்புச் சுவையுள்ள ஒருவகை மரத்தின் சிராய்களைக் கலயத்தில் இடுகின்றனர்.

சாலைகளின் வருகை

இருபதாம் நூற்றாண்டில் பாங்காக்கின் பல கால்வாய்கள் மூடப்பட்டுச் சாலைகளாயின. இன்று வணிக நிறுவனங்கள் நிறைந்துள்ள சீலோம் சாலையின் ஓரத்திலும் ஒரு காலத்தில் கால்வாய் ஓடியது. ஊர்ப்புறங்களிலும் நெடுஞ்சாலைகள் வந்தன. பழத்தைப் படகில் ஏற்றிப் பல மணி நேரம் துடுப்புப் போடுவதைவிடச் சரக்கு வண்டியில் அனுப்புவது விரைவானது, மலிவானது. வீடுகள் நீருக்கு முதுகைக் காட்டிச் சாலையை நோக்கித் திரும்பின.

அம்பாவா நகரின் நிலை இதற்குத் தக்க சான்று. மே குலோங் ஆற்றோரம் செழிப்பான படகுச் சந்தையைக் கொண்டிருந்த இந்நகரில்தான் 1767இல் இரண்டாம் ராமா மன்னர் பிறந்தார். 1970களில் பாங்காக்கிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலை இம்மாகாணத்தின் வழியே அமைந்தபோது, வணிகம் கால்வாயை விட்டுச் சாலைக்கு நகர்ந்தது. அச்சாலைக்கு இன்று வழங்கும் பெயர் ‘இரண்டாம் ராமா சாலை’ என்பதாகும்.

சுற்றுலாவின் தொடக்கம்

மக்களின் தேவை குறைந்த அதே காலத்தில் சுற்றுலாப் பயணிகளின் ஆர்வம் கூடியது. 1960களில் தோன்புரிப் பகுதியில் இருந்த வாட் சாய் மிதக்கும் சந்தை வெளிநாட்டுப் பயணிகளிடையே புகழ்பெற்றது. பயணிகளை ஏற்றிவந்த விசைப்படகுகள் எழுப்பிய அலையில் சிறு படகுகள் தத்தளித்தன. கரைகளில் நினைவுப் பொருள் கடைகள் பெருகின. உள்ளூர் மக்கள் வாங்குவதும் விற்பதும் குறைந்து, நாளடைவில் அச்சந்தை நலிந்தது. 1970களில் சுற்றுலாத் துறையின் கவனம் தம்னோன் சதுவாக்கின் பக்கம் திரும்பியது. எதைக் காணப் பயணிகள் வந்தார்களோ, அவர்களின் வருகையே அதைக் குலைத்தது. வாட் சாயில் நிகழ்ந்த இந்தச் சிக்கல் பின்னர் வேறு இடங்களிலும் தலைகாட்டியது.

முக்கியச் சந்தைகள்

தம்னோன் சதுவாக்: பாங்காக்கிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் உள்ளது. நாள்தோறும் காலையில் நடைபெறும். குடையோலைத் தொப்பி அணிந்த பெண்கள் பழப்படகுகளைச் செலுத்தும் படங்களில் பல இங்கு எடுக்கப்பட்டவையே. இன்று இங்கு வருவோரில் மிகப் பெரும்பாலோர் வெளிநாட்டுப் பயணிகள். காலை 9 மணிக்குப் பின் பயணிகளின் படகுகளால் கால்வாய் நெரிசலாகிவிடும்; ‘வசதியான பயணம்’ என்ற பெயருக்கு அப்போது பொருளே இராது. காலை 7 மணியளவில் சென்றால், உள்ளூர் வணிகர்கள் தமக்குள் கொடுத்து வாங்குவதை இன்றும் ஓரளவு காணலாம்.

அம்பாவா: சமுத் சோங்கிராம் மாகாணத்தில் உள்ளது. வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாள்களில் பிற்பகலில் தொடங்கி இரவு வரை நடைபெறும். நலிந்துபோயிருந்த சந்தையை 2004இல் நகராட்சி மீண்டும் தொடங்கியது. கால்வாயின் இருபுறமும் உள்ள பழைய மரவீடுகளைப் பாதுகாத்ததற்காக, 2008இல் ஆசிய பசிபிக் பகுதிக்கான யுனெசுகோவின் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் இக்குடியிருப்பு சிறப்புக் குறிப்பு பெற்றது. படித்துறையில் கட்டிய படகுகளில் இறாலும் கணவாயும் சுடப்படும். வாங்குவோர் கல்படிகளில் அமர்ந்து உண்பர். இங்கு வருவோரில் பெரும்பாலோர் பாங்காக்கிலிருந்து வார இறுதியில் வரும் தாய்லாந்துக் குடும்பத்தினர். இரவு தங்குவோர், விடியலில் புத்தத் துறவிகள் சிறு படகில் வந்து வீட்டுப் படித்துறைகளில் பிச்சை ஏற்பதைக் காணலாம். ‘அம்பாவா’ என்ற பெயர் மாந்தோப்பு என்று பொருள்படும் ‘அம்பவனம்’ என்ற பாலிச் சொல்லோடு தொடர்புடையது.

தா கா: அம்பாவாவுக்கு அண்மையில் உள்ள சிறிய காலைச் சந்தை. மரபுப்படி வளர்பிறையிலும் தேய்பிறையிலும் 2, 7, 12ஆம் நாள்களில், அதாவது துவிதியை, சப்தமி, துவாதசித் திதிகளில் கூடும். கணக்கிட்டுப் பார்த்தால் ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும். கடலுக்கு அருகிலுள்ள இப்பகுதியின் கால்வாய்களில் நீர் நிலவை ஒட்டியே ஏறி இறங்குவதால், படகை நம்பி வாழ்ந்தவர்களுக்கு நாட்காட்டியைவிட நிலவே பயன்பட்டது. தற்போது சனி, ஞாயிறு நாள்களிலும் சந்தை நடக்கிறது. தம் தோட்டத்தில் விளைந்ததைத் தாமே துடுப்புப் போட்டுக் கொண்டுவரும் உழவர்களை இன்றும் காணக்கூடிய இடங்களுள் இதுவும் ஒன்று.

தலிங் சான்: பாங்காக் நகர எல்லைக்குள்ளேயே, தோன்புரிப் பக்கத்தில் உள்ளது. 1987இல் தொடங்கப்பட்ட இச்சந்தை சனி, ஞாயிறுகளில் நடைபெறும். நீரில் மிதக்கும் மேடைகளில் தாழ்வான மேசைகள் இடப்பட்டிருக்கும். மேடையோடு கட்டிய படகுகளில் சமைத்து, அப்படியே மேசைக்குத் தருவர். சந்தை அமைந்துள்ள கால்வாய் உண்மையில் சாவோ பிரயா ஆற்றின் பழைய தடமாகும். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆற்றின் பெரிய வளைவுக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டப்பட்டது. ஆறு அவ்வழியே பாயத் தொடங்கவே, பழைய தடம் கால்வாயாகச் சுருங்கியது.

குலோங் லாட் மாயோம், பாங் நாம் புவெங்: இவ்விரண்டும் வார இறுதிச் சந்தைகள். முன்னது தலிங் சானுக்கு அருகிலும், பின்னது பாங்காக்கை ஒட்டிய பசுமைப் பகுதியான பாங் குராச்சாவோவிலும் உள்ளன. இங்குப் படகுக் கடைகள் சிலவே; பெரும்பாலான கடைகள் கால்வாயோரம் நிழலில் உள்ளன. உள்ளூர் மக்கள் குடும்பத்தோடு வந்து காலை உணவு உண்ணும் இடங்கள் இவை.

பட்டாயா: 2008இல் செயற்கையாக அமைக்கப்பட்ட சந்தை. நாட்டின் நான்கு பகுதிகளின் கட்டட மரபுகளையும் உணவுகளையும் ஓரிடத்தில் காட்டுவது இதன் நோக்கம். இதைப் பொழுதுபோக்குப் பூங்கா என்று கொள்வதே பொருந்தும்.

படகுகள்

விற்பனைக்குப் பெரும்பாலும் ‘சம்பான்’ எனப்படும் தட்டையான சிறு மரப்படகுகள் பயன்படுகின்றன. இச்சொல் ‘மூன்று பலகை’ என்னும் பொருளுடைய சீனச் சொல்லிலிருந்து வந்தது. ஒருவர் பின்முனையில் அமர்ந்து ஒற்றைத் துடுப்பால் செலுத்துவார். சமைக்கும் படகில் அடுப்பு, குழம்புப் பாத்திரம், கிண்ணங்கள், கழுவும் வாளி ஆகிய அனைத்தும் அமர்ந்தவரின் கைக்கெட்டும் தொலைவில் வரிசையாக இருக்கும். படகில் எழுந்து நடக்க இயலாது என்பதால் இந்த ஒழுங்கு தேவையாகிறது. விற்பவர் அணியும் ‘ங்கோப்’ என்னும் தொப்பி, குடைப்பனை எனப்படும் தாளிப்பனையின் ஓலையால் செய்யப்படுவது. உள்ளே தலைக்கும் தொப்பிக்கும் இடையில் மூங்கில் வளையம் இருப்பதால் காற்றோட்டம் கிடைக்கும்.

பயணிகளை ஏற்றிச் செல்வது ‘நீள்வால் படகு’ ஆகும். இதில் ஊர்தி இயந்திரம் ஒன்றைப் படகின் பின்முனையில் சுழலும் தாங்கியில் பொருத்தி, அதிலிருந்து நீளும் தண்டின் முனையில் சுழலியை வைத்திருப்பர். ஆழமற்ற நீரில் தண்டை உயர்த்திக்கொள்ளலாம். இது வேகமானது. ஆனால் இரைச்சலும் அலையும் மிகுதி.

உணவு

மிதக்கும் சந்தைக்குச் செல்வோரில் பலரின் முதல் நோக்கம் உண்பதே. சில முக்கிய உணவுகள் வருமாறு:

படகு நூடுல்ஸ்: அரிசி நூடுல்ஸை மாட்டிறைச்சி அல்லது பன்றி இறைச்சியுடன், அடர்நிறச் சாற்றில் இட்டுத் தருவது. சாற்றில் பட்டை, அன்னாசிப்பூ, பூண்டு, சோயா ஆகியவை சேரும். பலவிடங்களில் விலங்கின் இரத்தமும் சேர்க்கப்படும். கிண்ணம் மிகச் சிறியது. இரண்டு மூன்று வாய்களில் தீர்ந்துவிடும். ஆடும் படகிலிருந்து கரைக்குக் கிண்ணத்தை நீட்டும்போது சிந்தாமல் இருக்கவே சிறிய கிண்ணம் வழக்கத்துக்கு வந்ததாகச் சொல்வர்.

கனோம் குரோக்: அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் கலந்த கரைசலைக் குழிச்சட்டியில் ஊற்றி வேகவைக்கும் பலகாரம். சட்டியும் செய்முறையும் நம் குழிப்பணியாரத்தை நினைவூட்டும். ஆனால் இதைத் திருப்பிப் போடுவதில்லை. அடி மொறுமொறுப்பாகவும் மேற்புறம் பால் ஆடைபோல் இளகியும் இருக்கும். மேலே வெங்காயத்தாள் அல்லது மக்காச்சோளம் தூவுவர்.

மாம்பழச் சோறு: ஒட்டும் அரிசியை ஆவியில் வேகவைத்து, இனிப்பும் சிறிது உப்பும் சேர்த்த தேங்காய்ப் பாலில் ஊறவைத்து, பழுத்த மாம்பழத் துண்டுகளுடன் தருவர். ஏப்ரல், மே மாதங்களில் இது சிறப்பாக இருக்கும்.

சோம் தாம்: பச்சைப் பப்பாளிக்காயைச் சீவி, மிளகாய், பூண்டு, எலுமிச்சைச் சாறு, வெல்லம், வேர்க்கடலை, உலர்ந்த இறால், மீன் சாறு ஆகியவற்றுடன் உரலில் இலேசாக இடித்த கலவை. காரம் மிகுதி.

பிளா தூ: மே குலோங் முகத்துவாரத்தில் பெயர் பெற்ற மீன்; நம் கானாங்கெளுத்தியின் நெருங்கிய இனம். ஆவியில் வேகவைத்து வட்டமான மூங்கில் தட்டில் அடுக்கும்போது, தட்டுக்குள் அடங்குவதற்காகத் தலையை மடித்துவிடுவர். ‘முகம் வளைந்தது, கழுத்து ஒடிந்தது’ என்று அம்மக்கள் அதை வருணிப்பர். அம்பாவாவில் இது எளிதில் கிடைக்கும்.

இவை தவிர, மணமுள்ள இளநீர், தேங்காய்ப் பனிக்கூழ், பம்பளிமாசுச் சுளைகள், மங்குஸ்தான், ரம்புத்தான் ஆகியவையும் விற்கப்படும்.

மரக்கறி உண்போர் கவனிக்க வேண்டியவை

பார்வைக்கு மரக்கறியாகத் தோன்றும் தாய்லாந்து உணவில் ‘நாம் பிளா’ எனும் மீன் சாறோ, ‘கபி’ எனும் இறால் விழுதோ கலந்திருக்கலாம். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால், இறைச்சித் துண்டுகளை விலக்கிவிட்டு அதே சாற்றை ஊற்றித் தருவது உண்டு. ‘மங்சவிரட்’ என்பது மரக்கறியைக் குறிக்கும் சொல். மாமிசம், விரதி என்னும் வடசொற்களின் சேர்க்கை என்பதால் தமிழர்க்கு இது எளிதில் நினைவில் நிற்கும். இதில் முட்டையும் பாலும் இடம்பெறலாம். ‘ஜே’ என்பது முட்டை, பால், பூண்டு, வெங்காயம் ஆகியவற்றையும் விலக்கிய உணவு. இதனை விற்கும் கடைகளில் சிவப்பு எழுத்துள்ள மஞ்சள் கொடி காணப்படும். பழங்களும் மாம்பழச் சோறும் பொதுவாக ஐயமின்றி உண்ணத்தக்கவை.

செல்வோருக்கான குறிப்புகள்

பருவம்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் குறைவு. மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம்.

நாள்: தம்னோன் சதுவாக் நாள்தோறும் உண்டு. ஏனையவற்றுள் பல வார இறுதியில் மட்டுமே நடைபெறும். செவ்வாய்க்கிழமை அம்பாவாவுக்குச் செல்பவர் சந்தையைக் காண முடியாது.

படகுக் கட்டணம்: சில இடங்களில் பயணிகளை நேரே தனியார் படகுத்துறைக்கு அழைத்துச் சென்று மிகுந்த கட்டணம் கேட்பர். படகில் ஏறும் முன்பே மொத்தத் தொகை, பயண நேரம், தொகை ஒருவருக்கா முழுப் படகுக்கா என்பவற்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கரையோர நடைபாதையிலிருந்தும் சந்தையைக் காணலாம்; உணவும் வாங்கலாம். படகு கட்டாயமன்று.

பணம்: சிறிய பாத் தாள்களாக வைத்திருப்பது நல்லது. உணவின் விலை பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். அதில் பேரம் பேசுவதில்லை. உடை, கைவினைப் பொருள்களுக்குப் பேரம் பேசலாம். அதையும் புன்னகையோடு பேசுவதே அந்நாட்டு வழக்கம்.

சில சொற்கள்: ‘சவத்தி’ என்பது வணக்கம். இது ‘சுவஸ்தி’ என்னும் வடசொல்லிலிருந்து உருவானது. ‘தாவ் ராய்’ என்றால் எவ்வளவு; ‘மாய் பெத்’ என்றால் காரம் வேண்டாம்; ‘அரோய்’ என்றால் சுவையாக உள்ளது. பேச்சின் முடிவில் ஆண்கள் ‘கிராப்’ என்றும் பெண்கள் ‘கா’ என்றும் மரியாதைக்காகச் சேர்ப்பர்.

பாதுகாப்பு: படகில் எழுந்து நிற்கக் கூடாது. கையைப் படகின் விளிம்புக்கு வெளியே வைத்தால், பிற படகு உரசும்போது விரல்கள் நசுங்கக்கூடும். குழந்தைகளுக்கு உயிர்காப்பு அங்கி தேவை. மூடிய குப்பியில் உள்ள நீரையே அருந்த வேண்டும்.

நடத்தை: விற்பவரைப் படமெடுக்கும் முன் சைகையாலேனும் இசைவு கேட்பது முறை. சில சுற்றுலா இடங்களில் தேவாங்கு, மலைப்பாம்பு போன்றவற்றைத் தோளில் வைத்துப் படமெடுக்கப் பணம் கேட்பர். தேவாங்கு அந்நாட்டில் பாதுகாக்கப்பட்ட விலங்கு என்பதால் இதனைத் தவிர்ப்பதே சரி.

சிக்கல்கள்

அம்பாவாவின் கரைகளில் ‘லாம்பூ’ எனப்படும் அலையாத்தி இன மரங்கள் வளர்கின்றன. இவற்றில் இரவில் மின்மினிகள் கூட்டமாக அமர்ந்து ஒரே நேரத்தில் ஒளிவிட்டு அணைவது கண்கவர் காட்சி. சந்தை மீண்டு எழுந்தபின், இதைக் காட்டப் பயணிகளை ஏற்றிச் செல்லும் விசைப்படகுகள் பெருகின. இரவு நெடுநேரம் வரை எழும் இரைச்சலால் கரையில் வாழ்வோர் உறக்கம் இழந்தனர். அலையால் கரை அரித்தது. சிலர் பொறுக்க முடியாமல் தம் வீட்டருகே இருந்த லாம்பூ மரங்களையே வெட்டினர். மரம் இல்லையேல் மின்மினி இல்லை. மின்மினி இல்லையேல் படகும் வராது என்பது அவர்களின் எண்ணம். வருமானம் படகுக்காரர்க்கும் தொல்லை குடியிருப்போர்க்கும் போய்ச் சேர்ந்ததே இதற்குக் காரணம். துடுப்புப் படகில் மெதுவாகச் சென்று காண்பது இதற்கு ஒரு மாற்று வழி.

மற்றொரு சிக்கல் பொருள்களைப் பற்றியது. பயணிகள் மிகுந்த சந்தைகளில் உள்ளூர் விளைபொருளின் இடத்தைத் தொழிற்சாலை நினைவுப் பொருள்கள் பிடித்துக்கொள்கின்றன. வாடகை உயரும்போது தோட்டத்துப் பழத்தை விற்கும் முதியவர் விலகுகிறார். படகு மிஞ்சுகிறது, அதில் இருக்க வேண்டிய தோட்டம் மறைகிறது.

மூன்றாவது, பயணிகளை மட்டுமே நம்புவதால் வரும் ஆபத்து. 2019இல் தாய்லாந்துக்கு ஏறத்தாழ 4 கோடி வெளிநாட்டுப் பயணிகள் வந்தனர். 2020இல் கொரோனாத் தொற்றால் எல்லைகள் மூடப்பட்டபோது அந்த வருகை ஏறக்குறைய நின்றுபோனது. வெளிநாட்டினரையே நம்பியிருந்த சந்தைகளின் வணிகர்கள் வாழ்விழந்தனர். உள்ளூர் மக்கள் வந்து உண்ணும் சந்தைகளுக்கு, கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் மீண்டும் வாடிக்கையாளர் கிடைத்தனர்.

உண்மையான சந்தை எது?

பயணிகளுக்காக நடத்தப்படும் சந்தை போலியானது என்றும், பழைய சந்தையே உண்மையானது என்றும் பலர் எழுதுவது உண்டு. இப்பிரிவினை முழுவதும் சரியன்று. சாலை வந்தபின் எந்தச் சந்தையும் பழைய காரணத்துக்காக நீரில் நிற்கவில்லை. தலிங் சானும் இன்றைய அம்பாவாவும் வார இறுதிப் பொழுதுபோக்குக்காகவே நடக்கின்றன. ஆனால் அங்கே விற்பவர் அவ்வூரார். சமைப்பது அவர் வீட்டுச் சமையல். உண்பவர்களில் பெரும்பாலோர் அந்நாட்டு மக்கள். பொழுதுபோக்கே ஒரு கால்வாயைத் தூர்ந்துபோகாமல் காத்து நிற்பதும் உண்டு.

ஆகவே ஒரு சந்தையை மதிப்பிட, அது எவ்வளவு பழையது என்பதைவிடப் பின்வரும் கேள்விகள் உதவும்: படகில் இருப்பது அந்த மண்ணில் விளைந்ததா? அவ்வூர் மக்கள் அங்கு வந்து உண்கிறார்களா? பயணி கொடுக்கும் பணம் துடுப்புப் பிடித்தவர் கைக்குச் செல்கிறதா, இடைத்தரகர்க்குச் செல்கிறதா? விரைவுப் படகில் சுற்றிப் படமெடுத்துத் திரும்பும் பயணி கொடுக்கும் பெருந்தொகையில் பழக்காரர்க்கு ஒன்றும் கிடைப்பதில்லை. படித்துறையில் அமர்ந்து ஒரு கிண்ணம் நூடுல்ஸும் ஒரு தட்டுக் கனோம் குரோக்கும் வாங்கி உண்பவர் கொடுக்கும் சிறு தொகை, முழுமையாக அந்தப் படகிலேயே தங்குகிறது. மறுவாரமும் அப்படகு வருவதற்கு அதுவே காரணமாகிறது.